கேஸ் எங்கே போனது?

கொல்லிமலையில் காருக்கு ஏசி எதற்கு? கீழே இருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். மலையின் மேல்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளியில் ஏற ஆரம்பித்து நாலு வளைவு தாண்டியதுமே ஜன்னலை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டி, "ஆஹா... என்ன காற்று!" என்று சொல்லாத டூரிஸ்ட் கிடையாது. உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். அப்படியிருக்க ஏசி எதற்கு?

மலைக்கு மேலே வீடு இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கொல்லிமலையில் ஊராட்சிகளை நாடு என்றுதான் சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு என்று வரிசையாக உண்டு. திண்ணனூர் நாட்டில் இருப்பவருக்குக் காற்று மேலே இருக்கிறது. ஆனால் கலெக்டர் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் கீழே நாமக்கல்லில் இருக்கின்றன. சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேந்தமங்கலம் தாண்டிப் போக வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் அங்கே வெயில் 38, 39 டிகிரி என்று கொளுத்தும். வேலையை முடித்துக்கொண்டு அதே 70 வளைவுகளையும் திரும்ப ஏற வேண்டும்.

ஆக மலைக்காரரின் கார் ஏசிக்கு ஒரு விசித்திரமான வாழ்க்கை. வாரக்கணக்கில் வேலையே இல்லாமல் தூங்கும். திடீரென்று ஒரு நாள் அடிவாரத்து வெயிலில் முழு வேகத்தில் உழைக்கச் சொல்வார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் முதல் கியரில் மலை ஏறச் சொல்வார்கள். எந்த ஏசியிலும் இருக்கிற சின்னக் கோளாறு இங்கே சீக்கிரமே வெளியே வந்துவிடும். ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போதுதான் கூத்து ஆரம்பிக்கிறது. கோளாறு எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். "கேஸ் கம்மியா இருக்குதுங்ணா, ஏத்திடலாங்களா?"

மூன்று முறை எழுதிய ஒரே வரி

திண்ணனூர் நாட்டில் வாடகைக்குக் கார் ஓட்டும் ஒருவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பழைய பெட்ரோல் கார், சின்ன எஞ்சின், இரண்டாவது கை. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அந்தக் கார்தான். அவரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெட்ரோல், டயர், பஞ்சர், இன்ஷூரன்ஸ் என்று காருக்கான செலவு அத்தனையையும் ஒரு பாக்கெட் நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார்.

அந்த நோட்டில் ஒரே வரி ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை வருகிறது. ஏப்ரலில் 'ஏசி கேஸ் 1,800'. ஆகஸ்டில் 'ஏசி கேஸ் 1,800'. அடுத்த மார்ச்சில் 'ஏசி கேஸ் 2,200'. ஒவ்வொரு முறையும் கேஸ் ஏற்றிய கையோடு பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். ஐஸ் மாதிரி காற்று வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மலை ஏறினார். ஏறும்போது காற்று சூடாகத்தான் வந்தது. "மலை ஏறையில ஏசி அப்படித்தாண்ணா இருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். அவரும் நம்பினார்.

அந்த மே மாதம் நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாயையும், பிறந்து ஐந்து நாளான குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்தார். மத்தியானம் இரண்டு மணி. சேந்தமங்கலம் வரை குளுகுளு என்று இருந்தது. காரவள்ளியில் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. முந்த வழியில்லை. ஐந்தாவது வளைவில் காற்று வெதுவெதுப்பானது. பத்தாவது வளைவில் அனல். ஜன்னலை இறக்கினால் லாரிப் புகை. பதினைந்து தாண்டியதும் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே போனது. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, முக்கால் மணி நேரம் நிழலில் காத்திருந்தார்கள். குழந்தை அழுத அழுகை அவருக்கு ரொம்ப நாள் காதில் இருந்தது.

அடுத்த நாள் அவர் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. நாமக்கல் லாரி ஊர். லாரி எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அறுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம் போனார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை, கேஜ் மாட்டவில்லை. நோட்டை வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மூணு வாட்டி கேஸ் ஏத்தியிருக்கீங்க. ஏத்துன கேஸெல்லாம் எங்க போச்சு?"

சரக்கு இருப்புக் கணக்கு

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரிய வேண்டும். இது சரக்கு இருப்புக் கணக்கு! ஆரம்ப இருப்பு இவ்வளவு, கொள்முதல் இவ்வளவு, விற்பனை பூஜ்யம். அப்படியானால் இறுதி இருப்பு குறைய வழியே இல்லை. குறைந்திருந்தால் குடோனில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் மறுபடி மறுபடி சரக்கு வாங்கிப் போடுகிற வியாபாரியை எந்த ஆடிட்டரும் சும்மா விட மாட்டார்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிற பொருள். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்பும். முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்று வாங்கிக்கொள்ள, கேஸ் திரவமாகும். டிரையர் அதில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டை வழியாக அழுத்தம் குறைந்து போகும்போது திரவம் ஜில்லென்று ஆகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது மறுபடி ஆவியாகி, கார் உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு கம்ப்ரசருக்கே திரும்பும். சுருக்கமாகச் சொன்னால் ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் கண்டென்சர்.

சின்னக் கார்களில் இந்த கேஸ் மொத்தமே சுமார் 350 முதல் 500 கிராம்தான். எத்தனை கிராம் என்று பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பல வருஷத்தில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசிவது சகஜம். நாலே மாதத்தில் காலியானால் அது சகஜமில்லை, ஓட்டை.

இதில் இன்னொரு விஷயம். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எஞ்சினை அணைத்து வெகு நேரம் ஆன பிறகு, 30 டிகிரி வெயிலில், ஆர் 134ஏ கேஸ் உள்ள சிஸ்டத்தில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் அதே 97தான்; 250 கிராம் இருந்தாலும் கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை கிட்டத்தட்ட அதேதான். சமையல் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாததும், தூக்கிப் பார்த்துச் சொல்வதும் இதனால்தான். ஆகவே சரியான முறை ஒன்றே ஒன்று. இருக்கிற கேஸை மெஷினில் திரும்ப எடுத்து, வேக்கம் போட்டு, ஸ்டிக்கரில் சொன்ன எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. "கொஞ்சம் டாப்பப் பண்ணிட்டேண்ணா" என்பது எடை போடாமல் பொருள் விற்பது மாதிரி. குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. கூடினால் அழுத்தம் எகிறி கம்ப்ரசருக்கே ஆபத்து.

எங்கே, எப்போது, எப்படி?

அந்தப் பெரியவர் அடுத்துக் கேட்டதெல்லாம் டாக்டர் கேட்கிற மாதிரியான கேள்விகள். காற்றே வரவில்லையா, காற்று வந்து குளிர் வரவில்லையா? ஓடும்போது குளிர்ந்து நின்றால் சூடாகிறதா? ஆரம்பத்தில் குளிர்ந்து ஒரு மணி நேரம் கழித்துக் குறைகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொரு இடம் உண்டு. மெக்கானிக்கிடம் போகும் முன் வண்டிக்காரரே இதைக் கவனித்து எழுதி வைத்துக்கொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

முதலில் காற்று. ப்ளோயர் எந்த ஸ்பீடிலும் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றில் சுற்றாமல் கடைசி ஸ்பீடில் மட்டும் சுற்றினால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கும். ப்ளோயர் சத்தம் பலமாகவும் காற்று சோனியாகவும் இருந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். பல கார்களில் இது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் கழற்றி மாற்றலாம். (சில சின்னக் கார்களில் இந்த ஃபில்டரே கிடையாது. அப்போது தூசியெல்லாம் நேராகக் கூலிங் காயிலில்தான் போய் உட்காரும்.)

அடுத்து சுவிட்சுகள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் புகார்கள் இங்கேயே தீரும். சூட்டுக் குமிழ் முழுக்க நீலத்தில் இருக்கிறதா? வெளிக்காற்று வரும் நிலையில் இருக்கிறதா, உள்காற்றையே சுற்றும் நிலையில் இருக்கிறதா? வெயிலில் நின்ற காரில் ஏறியதும் இரண்டு நிமிஷம் ஜன்னலை இறக்கி அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றுக்கு மாற்றினால் சீக்கிரம் குளிரும்.

மூன்றாவது கம்ப்ரசர். ஏசி பட்டனை அழுத்தியதும் பல கார்களில் 'டக்' என்று கிளட்ச் ஒட்டுகிற சத்தம் கேட்கும், எஞ்சின் சத்தம் லேசாக மாறும். அது கேட்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேஸ் ரொம்பக் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. அது கோளாறில்லை, காவல். கேஸோடு சேர்ந்துதான் கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அந்த சுவிட்சை ஒயர் போட்டு நேர்பண்ணி ஓட்டுகிற 'தந்திரம்' சில நூறு ரூபாய் மிச்சத்துக்குப் பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரசரைப் பலி கொடுப்பது.

நான்காவது, ஆரம்பத்தில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்றே குறைந்துவிடுவது. ஏசியை அணைத்து வெறும் ப்ளோயரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் மறுபடி சரியாகிவிடும். இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவதன் அடையாளம். ஃபில்டர் அடைப்பு, காயிலின் குளிரை அளக்கும் சென்சர் கோளாறு, கேஸ் குறைவு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஐந்தாவது, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது. இது நோயே இல்லை. காற்றில் உள்ள ஈரம் கூலிங் காயிலில் படிந்து குழாய் வழியாக வெளியே போகிறது. அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் முன் சீட்டுப் பயணியின் காலடி மேட்டை நனைத்தால்தான் கோளாறு: டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி போட்டதும் பழைய ஈரத்துணி வாடை அடித்தாலும் ஈரம் உள்ளேயே தங்குகிறது என்று பொருள். வீடு வர இரண்டு, மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் வாடை மட்டுப்படும்.

மலை சொன்ன பதில்

இந்த வரிசையில் அந்தக் காரின் புகார் எங்கே பொருந்துகிறது? பைபாஸில் குளிர், லாரிக்குப் பின்னால் மலை ஏறும்போது அனல். இங்கேதான் மலையே ஒரு மெக்கானிக்காக மாறுகிறது.

கண்டென்சருக்கு வெளிக்காற்று வேண்டும் என்று பார்த்தோம். பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று தானாகவே கிரில் வழியாக அடிக்கும். ஃபேன் செத்திருந்தாலும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டர் வேகம், எஞ்சினுக்கோ முழுப் பாரம், எதிர்காற்று கிடையாது. அப்போது கண்டென்சருக்கு ஃபேன்தான் ஒரே துணை. அது ஓடாவிட்டால் சூட்டைக் கொட்ட இடமில்லாமல் அழுத்தம் ஏறி, உள்ளே அனல்தான் வரும். நகர டிராஃபிக்கில் சிக்னலில் நிற்கும்போது ஏசி சூடாகிறது என்று சென்னைக்காரர் சொல்கிற புகாரும், மலை ஏறும்போது சூடாகிறது என்று கொல்லிமலைக்காரர் சொல்கிற புகாரும் ஒன்றேதான்.

விபரீதம் என்னவென்றால் கண்டென்சருக்கு நேர்பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது. கண்டென்சரைத் தாண்டி வரும் காற்றுதான் எஞ்சினையும் குளிர்விக்க வேண்டும். ஃபேன் போன காரில் முதலில் ஏசி முகம் சுளிக்கும், பிறகு எஞ்சின் கொதிக்கும். ஏசி கொடுத்த எச்சரிக்கையைத்தான் ஒரு வருஷமாக "மலை ஏறையில அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெரியவர் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் ஃபேன் அசையவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். அப்போதும் சுற்றவில்லை. மோட்டாரில் கார்பன் தேய்ந்து போயிருந்தது. பிறகு டார்ச் அடித்துக் குழாய்களைப் பார்த்தார். கண்டென்சரில் குழாய் சேரும் இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதோடு வெளியேறும் ஆயில் தெரியும். சோப்பு நுரை வைத்ததும் முட்டை விட்டது. ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது.

ஆக இரண்டு கோளாறுகள். கேஸ் ஏற்றியவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கேஸ் குறைந்துதான் இருந்தது. ஏன் குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பைபாஸில் ஓட்டிப் பார்த்ததால் ஃபேன் செத்தது யாருக்கும் தெரியவில்லை. ஃபேன் மோட்டார், ஓ-ரிங்குகள், புது டிரையர், நைட்ரஜன் ஏற்றி லீக் சோதனை, வேக்கம், எடை போட்டு கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய் ஆனது. நோட்டில் இருக்கும் மூன்று வரிகளையும் கூட்டினால் 5,800. அது போக சவாரி இல்லாமல் போன நாட்கள் தனி. அவற்றை நோட்டில் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. வியாபாரத்தில் கணக்குக்கு வராத நஷ்டம்தான் எப்போதும் பெரிய நஷ்டம்.

அந்த ஓ-ரிங் ஏன் காய்ந்தது? வயசு ஒரு காரணம். மலையில் மாதக்கணக்கில் ஏசி போடாமல் வைத்திருந்தது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றார் பெரியவர். ஏசி ஓடினால்தான் ஆயில் சுற்றும். கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் போன்ற ரப்பர்கள் நனைந்து மெத்தென்று இருக்கும். அதனால் குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுவது நல்லது. பயன்படுத்தாமல் வைத்திருப்பது சிக்கனம் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்!

கோளாறு இல்லாத கோளாறுகள்

மலைப்பாதையில் ஏசி பற்றிச் சொல்லப்படும் புகார்கள் எல்லாமே கோளாறு இல்லை. முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, பல பெட்ரோல் கார்களில் எஞ்சினின் கம்ப்யூட்டரே கம்ப்ரசரைச் சில விநாடிகள் துண்டித்துவிடும். ஏற எஞ்சினுக்கு முழு பலமும் வேண்டும் என்பதற்காக. வளைவு முடிந்து காலை எடுத்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் சில விநாடி குளிர் குறைந்து உடனே திரும்பினால் அது வடிவமைப்பு. கேஸ் ஏற்ற வேண்டியதில்லை. குளிர் போனது போனபடியே இருந்தால்தான் ஃபேனையும் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும்.

சூட்டு முள் மேலே ஏறினால் ஏசியை உடனே அணைப்பதுதான் சரி. கம்ப்ரசர் இழுப்பது சுமார் இரண்டு முதல் நான்கு கிலோவாட். சின்ன எஞ்சினுக்கு அது மலையில் பெரிய சுமை. ஆனால் முள் சாதாரணமாக இருக்கும்போது ஏசி போட்டு ஏறுவதில் தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பனி. மார்கழியில் கொல்லிமலையில் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். "குளிருதே, ஏசி எதற்கு?" என்று அணைத்து, ஜன்னலையும் ஏற்றிவிடுவார்கள். நாலு பேர் மூச்சு விட, முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே ஒற்றைக் கையில் வளைவு ஒடிப்பதை அங்கே சகஜமாகப் பார்க்கலாம். ஏசியின் பாதி வேலை ஈரத்தை எடுப்பது. ஏசியைப் போட்டு, சூட்டுக் குமிழைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்தால் ஒரு நிமிஷத்தில் கண்ணாடி தெளியும். வெளிப்பக்கம் வெளுத்திருந்தால் கதை வேறு. கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது. குளிரைக் குறைத்து வைப்பர் போட வேண்டும். 70 வளைவு உள்ள ரோட்டில் ஏசி ஆடம்பரம் இல்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

போன கேஸ் போய்ச் சேர்ந்த இடம்

பெரியவரின் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. கேஸ் எங்கே போனது? வானத்துக்குப் போனது.

ஒரு காலத்தில் கார் ஏசிகளில் ஆர் 12 என்ற குளோரோஃப்ளோரோகார்பன் இருந்தது. அது மேலே போய் ஓசோனை அரிக்கும் என்று 1974ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதினார்கள். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அந்த விஞ்ஞானிகளுக்கு, பால் குருட்சனோடு சேர்த்து, 1995ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வளரும் நாடுகள் 2010க்குள் இந்த வகை கேஸ்களின் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதன் இடத்தில் வந்ததுதான் இன்று நம் ரோட்டில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர் 134ஏ. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஐபிசிசியின் 2007 அறிக்கைக் கணக்குப்படி, நூறு வருஷ அளவில், ஒரு கிலோ ஆர் 134ஏ என்பது 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதுக் கார்களில் அதைத் தடுத்தது. ஆர் 1234ஒய்எஃப் போன்ற மாற்று கேஸ்கள் வந்தன. இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016ல் கிகாலியில் எடுத்த முடிவை இந்தியா 2021ல் ஏற்றுக்கொண்டது.

இதைத் திண்ணனூர் நாட்டுக் காருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 400 கிராம் கேஸ் ஒரு முறை முழுக்கக் கசிந்தால் சுமார் 570 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது சுமார் 2.3 கிலோ. அதாவது ஒரு சின்ன ஓ-ரிங் வழியாகப் போனது ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். ஓட்டையை அடைக்காமல் ஏற்றுகிற ஒவ்வொரு 'கேஸ் 1,800'க்கும் பின்னால் இப்படி ஒரு மறைந்த பற்று இருக்கிறது. அதை எந்த நோட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

2023 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. அனலில் வெந்துகொண்டே ஓட்டிய டிரைவர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டிய நல்ல காரியம். லாரிக்குப் பேர் போன நாமக்கல்லில் இனி கார்களோடு லாரிகளும் ஏசி பட்டறை வாசலில் வரிசையாக நிற்கப் போகின்றன. அங்கே "கேஸ் ஏத்திடலாங்களா?" என்று யாராவது கேட்டால், டிரைவர்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி தயாராகவே இருக்கிறது.